மாதம் ஒரு கைவினைப் பெட்டி: சந்தா கணக்கு சரியாக வருமா?

சந்தா நமக்குப் புதிதல்ல. வாரப் பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருந்த வீடுகள் இங்கே ஏராளம். இப்போது அதே வழியில் அட்டைப்பெட்டி வருகிறது. பிரித்தால் ஆரி ஊசி, ஜரி நூல், சமிக்கி, குந்தன் கல், கோடு வரைந்த துணி, செய்முறைத் தாள். குழந்தைகளுக்கான இத்தகைய பெட்டிகளை அமெரிக்காவின் கிவிகோ 2011-இல் தொடங்கியது. சென்னையிலிருந்து பிளின்ட்டோபாக்ஸ் வந்தது. வீட்டிலேயே ஆரி எம்பிராய்டரி வகுப்பு எடுப்பவர்களுக்கும் இப்போது இப்படிப் பெட்டி அனுப்பும் ஆசை வந்திருக்கிறது.

ஆசை சரிதான். ஆனால் இதில் கைவேலை கொஞ்சம். எண்ணுவது, நிறுப்பது, கட்டுவது, தேதி தவறாமல் அனுப்புவது ஆகியவைதான் அதிகம். 100 சந்தாதாரர், பெட்டிக்கு 14 பொருள் என்றால் மாதம் 1,400 பொட்டலம். மணிகளை எண்ண உட்கார்ந்தால் விடிந்துவிடும். நகைத் தராசில் நிறுத்து, மேலே ஐந்தாறு சேர்த்துப் போடுவதே வழி. ஒரே ஒரு ஊசி விட்டுப்போனாலும் அதை அனுப்ப இன்னொரு கூரியர் செலவு. அதோடு, பாரிமுனையில் இந்த மாதம் வாங்கிய நூலின் அதே நிறம் அடுத்த மாதமும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே மூன்று மாதப் பெட்டிகளுக்கான சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு சந்தா திறப்பது நல்லது. செய்முறைத் தாளை ஆரி தெரியாத பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கே இன்னொரு படம் வேண்டும்.

பலர் சறுக்குவது பெட்டியின் அளவில். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்தால் வரும் கிலோ கணக்கையும் பார்ப்பார். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30×25×10 பெட்டிக்குள் 400 கிராம் சரக்கு இருந்தாலும் கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு. அதையே 25×18×5 பெட்டியில் அடக்கினால் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். அழகான பெரிய பெட்டி மேல் எனக்கு மோகம் இல்லாமல் போனது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

விலை 499 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். பொருள்களுக்கு 180, பெட்டிக்கும் அச்சுக்கும் 50, கூரியருக்கு 90, பணப்பரிமாற்றக் கட்டணம் 12. மீதி 167. வரி, விளம்பரம், உடைந்த பொருளுக்கு மாற்று, உங்கள் கூலி எல்லாம் இதற்குள்தான்.

ஆண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அது தீபாவளிச் சீட்டுப் பணம் மாதிரி: கையில் இருக்கும், ஆனால் நம்முடையது அல்ல. பன்னிரண்டாவது பெட்டி போய்ச் சேரும்வரை கடன்தான். அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்த லூட் கிரேட் என்ற சந்தாப் பெட்டி நிறுவனம் 2019-இல் திவால் மனு கொடுத்தபோது, பணம் கட்டியும் பெட்டி வராமல் தவித்தவர்கள் பலர். மாதாமாதம் வாங்க யுபிஐ ஆட்டோபே 2020 முதல் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போய்விடும். அந்தத் தகவலைப் பார்த்ததும் நிறுத்திவிடுவோர் உண்டு.

சட்டத்தில் இரண்டு இடங்களை மறக்கக் கூடாது. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்ச ரூபாய். ஆனால் பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினாலே, பட்டியலிட்ட சில கைவினைப் பொருள்கள் தவிர, பதிவு தேவைப்படும். இன்னொன்று, 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம். குழந்தைகளுக்கான கிட் அதற்குள் வரக்கூடும். அச்சடிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். பெரியவர்களுக்கான ஆரி, காகிதக் குவில்லிங் பெட்டிகளுக்கு அந்தத் தலைவலி இல்லை.

சந்தாவை நிறுத்துபவர்கள் எல்லோரும் பெட்டி பிடிக்காமல் நிறுத்துவதில்லை. போன மாதப் பெட்டியே பிரிக்காமல் பீரோ மேல் இருக்கும். புதியது வந்தால் குற்ற உணர்ச்சிதான் கூடும். அவர்களுக்காக ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று ஒரு பொத்தானை வைத்தால், அடுத்த மாதம் திரும்பி வரவாவது வழி இருக்கும்.