சந்தை வாசலில் வாங்கும் காசு: விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

வாரச்சந்தை கூடும் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கே சந்தை வாசலில் குட்டியானை வண்டிகளும் சைக்கிள்களும் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஒரு விவசாயி இரண்டு கூடை கத்தரிக்காயும் ஒரு சாக்கு வெண்டைக்காயும் கொண்டுவருகிறார். வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர் ஒரு தொகையைச் சொல்கிறார். விவசாயி கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிறார். காய் வாடுவதற்குள் நல்ல இடம் பிடிக்க வேண்டும். நின்று கேள்வி கேட்க நேரமில்லை. அந்தத் தொகையை யார் நிர்ணயித்தார்கள், அதற்கு ரசீது உண்டா, உள்ளே போனதும் "தரை வாடகை" என்று மறுபடி கேட்டால் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறார்கள். வாரம் 10 ரூபாய் கூடுதலாகப் போனால் 52 வாரத்தில் 520 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50 என்ற விலையில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியா சந்தை வாசலிலேயே போய்விடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

நகராட்சிகள் பொதுச் சந்தை நடத்துவதும் அதில் கட்டணம் வாங்குவதும் நேற்று வந்த வழக்கமல்ல. 1920-ம் ஆண்டு வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இதற்கு இடம் செய்யப்பட்டது. சரக்கைப் பரப்பி விற்பதற்கு ஒரு கட்டணம்; கடை, மேடை, பட்டி ஆகியவற்றுக்கு வாடகை; சரக்கு ஏற்றிவரும் வண்டிக்கும் பொதிமாட்டுக்கும் ஒரு கட்டணம்; விற்பனைக்கு வரும் கால்நடைக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம்; தரகர், கமிஷன் ஏஜெண்டு, எடை போடுபவர் ஆகியோரிடம் லைசென்ஸ் கட்டணம். இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ வாங்க நகர்மன்றத்துக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. வசூலைத் தானே செய்யலாம். அல்லது ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுக்கு மிகாமல் குத்தகைக்கு விடலாம் என்றும் சொன்னது. நூறாண்டுக்கு மேல் நின்ற அந்தச் சட்டத்தின் இடத்தில், 1998-ல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும், கட்டணத்தை மன்றம் தீர்மானிப்பது, வசூலை ஏலம் விடுவது என்ற நடைமுறை மாறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டணத்தை நிர்ணயிப்பது மன்றம். குத்தகை எடுத்தவருக்குக் கிடைப்பது அந்தக் கட்டணத்தை வசூல் செய்யும் உரிமை மட்டுமே. விகிதத்தைக் கூட்டவோ, மன்றத்தின் பட்டியலில் இல்லாத புதுப் பெயரில் காசு கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. வண்டிக்கும் சுமைக்கும் தரைக்கும் தனித்தனியே கேட்கப்படும்போது மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் மூன்றும் சட்டப்படி சரியானதே. விவசாயிக்கு அது கசப்பாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சண்டை போட வேண்டிய இடம் சந்தை வாசல் அல்ல, நகராட்சி அலுவலகம்.

ஏலத்தொகை ஏறினால் யார் தலையில்?

குத்தகைதாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஒரு வாரச்சந்தையின் ஓராண்டு வசூல் ரூ.5,20,000-க்கு ஏலம் போனது என்று வைத்துக்கொள்வோம். சந்தை நாட்கள் 52. நாளொன்றுக்கு ரூ.10,000 நகராட்சிக்கே போய்விட்டது. வசூலுக்கு நாலு ஆள், ஆளுக்கு ரூ.600 கூலி என்றால் ரூ.2,400. ஆக ரூ.12,400 வந்தால்தான் முதல் திரும்பும். சுமைக்கு 10 ரூபாய் என்பது மன்றம் வைத்த விகிதமானால் ஒவ்வொரு சந்தைக்கும் 1,240 சுமை வந்தாக வேண்டும். தை, மாசியில் அதற்கு மேலேயே வரும். ஐப்பசி அடைமழையில் 600 சுமை வந்தால் அதிகம். அந்தப் பள்ளத்தை நிரப்ப அவருக்கு எளிதான வழி எது? சுமைக்கு 20 ரூபாய் கேட்பது.

ஏலம் எடுக்கப் போட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள். நகராட்சிக்கு வருமானம் உயர்ந்தது என்று மன்றத்தில் மகிழ்ச்சி அடைவார்கள். சந்தையின் வரத்து அதே அளவில் இருக்கும்போது ஏலத்தொகை மட்டும் இரட்டிப்பானால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் கேட்பதில்லை. வசூலாகும் பணத்தில் ஒரு பகுதியாவது சந்தையின் கூரைக்கும் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் திரும்பி வந்தால் குறை சொல்ல இடமிராது. பல சந்தைகளில் மழை வந்தால் காய்க்கு மேல் சாக்கை விரித்துவிட்டு விவசாயி நனைந்துகொண்டு நிற்பதுதான் காட்சி.

ரசீதும் பலகையும்

குத்தகை நிபந்தனைகளில் கட்டண விகிதப் பலகை வைக்க வேண்டும், வாங்கும் காசுக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று எழுதப்படுவது வழக்கம். பலகை இல்லாவிட்டாலும், எழுத்து அழிந்திருந்தாலும், முருங்கைக் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் அதை எழுத்து மூலம் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல்லால் சொன்ன புகாருக்கு ஆயுள் கிடையாது. அதிகம் கொடுத்த நாளின் தேதி, நேரம், கொண்டுபோன சுமை, கேட்ட தொகை ஆகியவற்றை ஒரு சிட்டையில் குறித்து வைத்தால் போதும். ரசீது கொடுக்க மறுத்தால் அதையும் அதே சிட்டையில் குறிக்கலாம்.

மன்றம் வைத்த விகிதம் என்னவென்று தெரியாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்தலாம். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதுமானது. "சந்தைக் கட்டண விகிதம் குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், நடப்பு ஆண்டின் குத்தகை நிபந்தனைகளின் நகல்" என்று இரண்டை மட்டும் கேட்க வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஒருவர் வாங்கிய நகலை ஊர் முழுவதும் வைத்துக்கொள்ளலாம்.

எடையிலும் இதே கவனம் தேவை. மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கற்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் முத்திரை போடப்பட வேண்டும். சந்தை நகராட்சியுடையது என்றாலும் முத்திரையைச் சோதிப்பது தொழிலாளர் துறையின் வேலை. தராசு ஒரு கிலோவில் 50 கிராம் தின்றால், 40 கிலோ காயில் 2 கிலோ போகிறது. வாசலில் போன காசைவிட இது பெரிய நஷ்டம்.

மூன்று இடங்கள், மூன்று விதிகள்

டவுனில் சரக்கு இறக்கும் இடமெல்லாம் ஒரே சந்தை என்று விவசாயிகள் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. பருத்தி, நிலக்கடலை முதலியவை விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் நகராட்சியைச் சேர்ந்ததல்ல. 1933-ம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டத்தின் கீழ் 1936-ல் திருப்பூரில் முதல் கூடம் ஏற்பட்டது. அங்கே சந்தைக் கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதைக் கொடுக்க வேண்டியவர் வாங்கும் வியாபாரி, விவசாயி அல்ல. 

உழவர் சந்தை மூன்றாவது வகை. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதலாவது திறக்கப்பட்டது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்கு அங்கே கடைக்கு வாடகை கிடையாது; தராசும் இலவசம். அன்றாட விலை காலையிலேயே நிர்ணயித்துப் பலகையில் எழுதப்படும். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அந்த விலை அமையும். ஐந்து கூடை, பத்து கூடை கொண்டுவரும் சிறு விவசாயிக்கு இதைவிட அனுகூலமான இடம் இல்லை. ஆனால் தானே உட்கார்ந்து விற்க வேண்டும். வீட்டில் இன்னொரு ஆள் வயலைப் பார்க்க வேண்டும். ஆள் பலம் இல்லாத குடும்பங்கள் அட்டை வாங்கி வைத்துக்கொண்டும் மண்டிக்கே சரக்கைப் போடுவதற்கு இதுவே காரணம்.

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் வேறொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பொள்ளாச்சியில் செவ்வாய், வியாழன்; மணப்பாறையில் புதன்; புன்செய் புளியம்பட்டியில் வியாழன் என்று நகராட்சிச் சந்தைகள் கூடுகின்றன. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். விலை முடிந்ததும் மாட்டுக்குரிய கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்காமல் வெளியே வரக்கூடாது. வழியில் யாராவது மறித்து "இந்த மாடு எங்கே வாங்கியது?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் இருக்கும் காகிதம் அது ஒன்றுதான்.

ஓட்டு இல்லாத ஊரில்

நகராட்சிச் சந்தையில் கிராமத்து விவசாயியின் குரல் எடுபடாததற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. கவுன்சிலரிடம் குப்பை பற்றியும் தெருவிளக்கு பற்றியும் பூங்காவில் ஊஞ்சல் உடைந்தது பற்றியும் முறையிடுகிறவர்கள் அந்த வார்டின் வாக்காளர்கள். அவர்களுக்குக் காய்கறி மலிவாகவும் வேண்டும், சந்தைச் சேறு தங்கள் தெருவுக்கு வராமலும் இருக்க வேண்டும். இரண்டும் நியாயமான ஆசைகளே. ஆனால் சந்தை நாள் முழுவதும் அங்கே நிற்கிறவருக்கு மன்றத்தில் பேச ஆளில்லை. தனித்தனியாக மனுக் கொடுப்பதைவிட ஐந்தாறு கிராமத்து விவசாயிகள் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டு ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் கொடுப்பது பலன் தரும். குத்தகை ஆண்டு பெரும்பாலும் ஏப்ரல் 1-ல் தொடங்குவதால் தை மாதத்திலேயே மனு போய்ச் சேர வேண்டும். ஏலம் முடிந்த பிறகு நிபந்தனையை மாற்ற யாரும் துணியமாட்டார்கள்.

இடமே இல்லை என்ற பதில் வந்தால் 2020-ம் ஆண்டை நினைவூட்டலாம். கொரோனா பரவியபோது மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, சில நாட்களில் திருமழிசைக்கு மாறியது. பல ஊர்களில் பஸ் நிலையமும் பள்ளி மைதானமும் விளையாட்டுத் திடலும் காய்கறிச் சந்தையாயின. சுண்ணாம்பால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கடை என்று உட்கார வைத்தார்கள். பழைய கடைக்காரருக்கும் புதிதாக வந்த விவசாயிக்கும் ஒரே அளவு இடம். திடலில் நிழல் இல்லை, கோடை மழையில் சேறு, அது உண்மைதான். பிறகு விளையாடும் பிள்ளைகளுக்குத் திடலைத் திருப்பிக் கொடுத்ததும் முறையே. ஆயினும் கட்டம் போட்டு இடம் கொடுக்கும் வழக்கத்தையாவது பழைய சந்தைக்குள் கொண்டுபோயிருக்கலாம். அதற்குச் சுண்ணாம்பைத் தவிர வேறு செலவில்லை.

பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைச் சந்தைக்குக் கேட்பது மட்டும் வேண்டாம். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவிகித இடம் பூங்கா, விளையாட்டுக்கென உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதை வேறு காரியத்துக்கு மாற்றக் கேட்டால் மனு கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

சந்தைக் குப்பை, பூங்காச் சருகு

சந்தை முடிந்த மாலையில் கிடக்கும் முட்டைக்கோஸ் இலையும் வாழைத்தாரின் தண்டும் அழுகிய தக்காளியும் விவசாயியின் நிலத்திலிருந்து போனவை. அவை நிலத்துக்குத் திரும்புவதே முறை. பெங்களூரில் டாக்டர் ஆச்சார்யா 1939-ல் நகரக் கழிவைக் குழியில் இட்டு மக்கவைக்கும் முறையை வகுத்தார். இன்று தமிழ்நாட்டின் பல நகராட்சிகளில் சிறு உரக்கூடங்கள் கட்டி, கழிவை நறுக்கித் தொட்டிகளில் மக்கவைக்கிறார்கள்.

சந்தைக் கழிவு மட்டும் போட்டால் நீர் மிகுந்து நாறும். பூங்காவில் கூட்டிய காய்ந்த சருகை இடையிடையே பரப்பினால் ஈரத்தை இழுத்துக்கொண்டு காற்றோட்டம் தரும். சருகைக் கொளுத்திவிட்டு நாறும் கழிவைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் ஊர்களும் இருக்கின்றன. பூங்காவும் சந்தையும் ஒரே அலுவலகத்தின் கீழ் இருந்தும் இந்த நிலை.

இந்த உரம் வாங்குகிறவர்கள் முதலில் ஒரு கை அள்ளிப் பார்க்க வேண்டும். மண் வாசனை இருக்க வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் மக்கவில்லை என்று பொருள். குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக்கூடாது. அரைகுறையாக மக்கிய உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்வதால் நாற்று மஞ்சளாகும். கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் கிழிசல், ஊசி கிடந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். களை எடுக்கும் பெண்களின் கையும் காலும் அதில்தான் படும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடும் பயிருக்கு அதில் ஒரு பகுதிக்கு ஈடாக இதைக் கடைசி உழவுக்கு முன் இட்டுப் பார்க்கலாம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு தேங்காய்த் தொட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் வயல் மண், மற்றதில் வயல் மண்ணும் உரமும் பாதிப்பாதி. இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றித் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஒரு வாரத்தில் உரத் தொட்டியில் முளைப்புக் குறைந்தாலோ, முளை கருகினாலோ அந்தக் குவியலை இன்னும் ஒரு மாதம் கிடக்கவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.