மேலிருந்து பார்த்தால் நம்ம ஏரி

கைப்பேசியில் கூகுள் எர்த் டைம்லாப்ஸைத் திறந்து அனந்தபுரம் என்று தேடிப் பாருங்கள். 1984-லிருந்து ஆண்டுக்கொரு படமாக நம்ம ஊர் நகரும். செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் அப்படியே இருக்கும். மாறுவது கீழேதான்: வீடுகள், சாலைகள், வயல்கள், முக்கியமாக ஏரிகள்.

பழைய படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்தவை. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட். வீடு தனியாகத் தெரியாது, ஏரி தெரியும். 2015-இல் வந்த ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் புள்ளி இரண்டரை சென்ட்தான். வரப்பு தெரியாவிட்டாலும் வயல் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சைப் பயிர் திருப்பி அனுப்பும். அதனால் அகச்சிவப்புப் படத்தில் நிறைந்த ஏரி கறுப்பாகவும், பயிர் பளிச்சென்றும் விழும். ஏரிக்குள் சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் அதுவும் பளிச்சென்றே விழும், மறைக்க முடியாது!

ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும் நாளில்தான் மேகமும் மூடிக்கொள்ளும். அதற்கு ரேடார் செயற்கைக்கோள் வேண்டும். மேகத்தை ஊடுருவி, இரவிலும் படமெடுக்கும் இஸ்ரோவின் இஓஎஸ்-04, 2022 பிப்ரவரி 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களைப் புவன் இணையதளத்தில் நீங்களும் பார்க்கலாம்.