முழு நகலை எப்போது புதுப்பிப்பது?

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் கணிப்பொறிச் சித்திரப் படம் உருவாகிக்கொண்டிருந்தது. தவறுதலாக இட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று மறையத் தொடங்கின. நகல்களை நாடியபோது அவை சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது! குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்தது. அதுவே படத்தைக் காப்பாற்றியது.

'பேக்கப்' எனப்படும் காப்பு நகலை எடுத்தால் மட்டும் போதாது; அதை எப்படி, எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுப்பது என்பதும் முக்கியம் அல்லவா?

மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடையிலுள்ள சரக்கு முழுவதையும் எண்ணி இருப்பு எடுக்கிறார். பிறகு ஒவ்வொரு நாளும் வந்ததையும் விற்றதையும் மட்டும் ஒரு தாளில் குறிக்கிறார். இன்றைய இருப்பை அறிய, பழைய இருப்புடன் எல்லாத் தாள்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நடுவில் ஒரு தாளை எலி கடித்துவிட்டால்? அதற்குப் பிந்திய கணக்கெல்லாம் தவறிவிடும்!

கணிப்பொறியிலும் இப்படித்தான். எல்லாக் கோப்புகளையும் படியெடுப்பது முழு நகல். முந்திய நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது மாற்ற நகல்.

உங்கள் கோப்புகள் 100 ஜிகாபைட் என்றும், நாள்தோறும் 1 ஜிகாபைட் மாறுகிறது என்றும் கொள்வோம். தினமும் முழு நகல் எடுத்தால் வாரத்திற்கு 700 ஜிகாபைட் இடம் வேண்டும். ஒரு முழு நகலும் ஆறு மாற்ற நகல்களும் எடுத்தால் 106 ஜிகாபைட் போதும். அப்படியானால் ஆண்டுக்கு ஒரே ஒரு முழு நகல் எடுத்தால் இன்னும் சிக்கனம் ஆயிற்றே என்று கேட்பீர்கள். இங்குதான் ஆபத்து இருக்கிறது.

வன்தட்டில் செய்தி மிகச்சிறு காந்தப் பகுதிகளாகவும், பென் டிரைவில் சிறைப்பட்ட மின்னூட்டமாகவும் இருக்கிறது. காந்தப் பகுதி பழுதாகலாம், மின்னூட்டம் கசியலாம். ஒரு நகல் கெடும் வாய்ப்பு நூற்றில் 1 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அது நன்றாக இருக்கும் வாய்ப்பு 0.99. வாரக் கடைசி நிலையை மீட்க ஏழு நகல்களும் நன்றாக இருக்க வேண்டும். 0.99ஐ ஏழு முறை பெருக்கினால் 0.93 வரும். மாதம் ஒரு முழு நகல் என்றால் முப்பது முறை பெருக்க வேண்டும், விடை 0.74. ஆண்டுக்கு ஒன்று என்றால் 0.03கூட வராது! சங்கிலி நீள நீள நம்பிக்கை தேய்கிறது.

ஆகவே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் உழைப்பை இழக்கத் துணிவேன்? அது மாற்ற நகலின் இடைவெளியைச் சொல்லும். எவ்வளவு நீளமான சங்கிலியை நம்புவேன்? அது முழு நகலின் இடைவெளியைச் சொல்லும். அன்றாடம் மாறும் கோப்புகளுக்கு வாரம் ஒரு முழு நகலும், அதிகம் மாறாத வீட்டுக் கோப்புகளுக்கு மாதம் ஒன்றும் பொருத்தமாக இருக்கும்.

புதிய முழு நகலைச் சோதித்துப் பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். ஒரு நகலை வேறு இடத்தில் வையுங்கள்.

இன்றே உங்கள் நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் மகிழ்ச்சி. திறக்காவிட்டால், அதை இன்று அறிந்ததும் நல்லதே. மூலம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது அல்லவா?