கல் முகப்பைப் பேணுதல்

வீரனுக்கோ பத்தினிக்கோ எடுத்த கல்லை நீராட்டுவதை நம் முன்னோர் 'நீர்ப்படை' என்றனர். தொல்காப்பியம் அதனைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் அப்பெயரால் ஒரு காதையே உண்டு. இன்று மயிலாப்பூரின் பழைய வீடுகளில் எஞ்சியுள்ள கருங்கற் படிகளுக்கும் திண்ணைத் தூண்களுக்கும் நாம் செய்யும் நீராட்டோ பெரும்பாலும் ஆசிட்டால் நிகழ்கிறது.

ஆசிட் ஊற்றினால் அழுக்கு அகல்வது உண்மையே. ஆனால் கல்லிடுக்கிலுள்ள சுண்ணாம்புச் சாந்தும் உடன் கரைகிறது. கருங்கல்லில் உறையும் இரும்புச் சத்து வெளிப்பட்டு மஞ்சட்கறையாகப் படிவதும் உண்டு. கடப்பைக் கல்லாயின் கல்லே அரிக்கப்படும், அது சுண்ணாம்புக்கல் ஆதலின். மணல்வீச்சு இதனினும் கொடிது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் அதனால் கல்வெட்டெழுத்துகள் மழுங்கிய பின்னரே அதற்குத் தடை வந்தது. தமிழ் பயில்வோர்க்கு அவ்விழப்பின் அளவை நாம் விளக்க வேண்டுவதில்லை.

சாந்தோம், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் கல்லுக்கு உண்மைப் பகை உப்பே. காற்றில் வரும் உப்பு ஈரத்தில் கரைந்து கல்லின் நுண்துளைகளுள் புகுகிறது. ஈரம் உலர்கையில் படிகமாகித் துளைகளை நெருக்குகிறது. இது மீண்டும் மீண்டும் நிகழக் கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அதனை மறைக்க எனாமல் பெயிண்ட் பூசுவோர் உளர். அப்பூச்சு ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கிறது. இடுக்குகளைச் சிமெண்டால் அடைப்பதும் அத்தகையதே.

பிளந்த கல்லை இரும்புப் பட்டையால் இறுக்குவதும் ஆகாது. துருவேறிய இரும்பு பருத்துக் கல்லை மேலும் பிளக்கும். 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் மரமும் இரும்புமின்றிக் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பர். கடற்காற்றில் அது நிலைத்து நிற்பதைக் காண்போர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

செய்யத்தக்கது எளிதே. மழைக்காலம் கழிந்து, தை மாதத்தில் பாசியை மூங்கிற் சிம்பால் சுரண்டி, நல்ல தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு மெல்லத் தேய்த்தல் போதும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டா. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். கம்பிப் பிரஷும் வேண்டா. ஒடிந்த கம்பித் துணுக்குகள் கல்லில் தங்கித் துருக்கறை உண்டாக்கும். நன்கு உலர்ந்தபின் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். கூரைநீர் கல்லின்மேல் வழியாதபடி குழாயைச் செப்பனிடுவது இவை அனைத்திற்கும் முன்னதாக நடைபெறவேண்டிய பணி.