மார்பக உயர்த்தல் அறுவை: விளம்பரம் சொல்லாத அறிவியல்

கைப்பேசியில் டிக்டாக்கோ இன்ஸ்டாகிராமோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே பெண்ணின் இரண்டு படங்கள் அருகருகே வந்து நிற்கும். ஒன்றில் ‘முன்பு’, மற்றதில் ‘பின்பு’. கீழே கழிவு விலை, மாதத் தவணை, முன்பதிவு எண். மூக்கு, கண்ணிமை, வயிறு என்று நீளும் இந்த விளம்பரப் பட்டியலில் ‘பிரெஸ்ட் லிஃப்ட்’ எனப்படும் மார்பக உயர்த்தல் அறுவையும் உண்டு.

பினாங்கு மருத்துவச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற மாநிலம். சுமத்திராவின் மேடானிலிருந்துகூட நோயாளிகள் ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார்கள். சிம்பாங் அம்பாட்டில் இருப்பவர்களுக்கோ பாலத்தைக் கடந்தால் போதும். ஆகவே நம் வீட்டிலேயே அம்மா, சித்தி, அத்தை என்று யாராவது இந்த அறுவையைப் பற்றி ஒருநாள் யோசிக்கலாம். அப்போது விளம்பரம் சொல்வதைவிடக் கூடுதலாக நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. அதைப் புரிந்துகொள்ள, உயிரியல் பாடத்தில் வரும் ரத்த ஓட்டம் பெரிதும் கைகொடுக்கும்.

மார்பகம் ஏன் தளர்கிறது?

மார்பகத்தை வடிவாக நிறுத்திவைக்கும் தசை என்று அதற்குள் எதுவும் இல்லை. உள்ளே இருப்பவை பால் சுரப்பிகள், பால் நாளங்கள், கொழுப்பு, இவற்றை இணைத்துப் பிடிக்கும் இணைப்புத் திசு ஆகியவைதான். மார்புத் தசை இவற்றுக்கெல்லாம் பின்னால், விலா எலும்புகளின்மேல் இருக்கிறது. தோலுக்கும் உட்பகுதிக்கும் இடையே ஓடும் மெல்லிய இணைப்புத் திசு நார்களை ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். அவற்றுக்கு இன்றும் ‘கூப்பர் இணைநார்கள்’ என்றே பெயர்.

இந்த நார்களும் மேலிருக்கும் தோலும்தான் மார்பகத்தின் எடையைத் தாங்குகின்றன. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இழுத்தால் திரும்பச் சுருங்கும் தன்மையைத் தருவது எலாஸ்டின். வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெரிதாகும்போதும், உடல் எடை கூடும்போதும் தோல் விரிகிறது. பிறகு உள்ளே அளவு குறைந்தாலும், விரிந்த தோல் முழுமையாகச் சுருங்குவதில்லை. தளர்ச்சி இப்படித்தான் வருகிறது. இது நோய் அல்ல. வயதைப் போல உடலில் இயல்பாக ஏற்படும் மாற்றம்.

தாய்ப்பால் கொடுத்தால் மார்பகம் தளர்ந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்போம். அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வயது, உடல் பருமன், கர்ப்பங்களின் எண்ணிக்கை, கர்ப்பத்துக்கு முன்பே இருந்த மார்பக அளவு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் தளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. தாய்ப்பால் கொடுத்ததற்கும் தளர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்தப் பழியைக் குழந்தையின் மேல் போட வேண்டியதில்லை.

உடற்பயிற்சி பின்னாலிருக்கும் தசையை வலுவாக்கும். விரிந்த தோலைச் சுருக்காது. மேலே பூசும் களிம்பாலும் நீண்டுபோன இணைநார்களைக் குறுக்க முடியாது. இந்த உண்மையிலிருந்துதான் அறுவையின் வேலை தொடங்குகிறது.

அறுவையில் நடப்பது என்ன?

பெயரைக் கேட்டால் மார்பகத்தை மேலே தூக்கிக் கட்டுவது போலத் தோன்றும். உண்மையில் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, மிகையாக இருக்கும் தோலை மருத்துவர் அளந்து வெட்டி எடுக்கிறார். உள்ளே இருக்கும் திசுவைத் திரட்டி உயர்த்தித் தையலிடுகிறார். காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் புதிய உயரத்துக்கு நகர்த்துகிறார். பிறகு மீதமுள்ள தோலை இழுத்து மூடித் தைக்கிறார். வழக்கமாக இது சில மணி நேர வேலை.

இதில் மிகக் கவனமான கட்டம், காம்பை நகர்த்துவது. பூச்செடியிலிருந்து பூவைப் பறித்து வேறு இடத்தில் ஒட்டுவது போல அதை வழக்கமாக வெட்டி எடுத்து வைப்பதில்லை. அடியிலுள்ள திசுவிலிருந்து அதைப் பிரிக்காமல், ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு சேர்த்தே மருத்துவர் நகர்த்துகிறார்.

ஏன் என்று புரிய பினாங்குத் தீவை நினைத்துக்கொள்ளுங்கள். பெருநிலத்திலிருந்து தீவுக்கு 1985இல் ஒரு பாலமும், பத்து காவானிலிருந்து 2014இல் இன்னொரு பாலமும் திறக்கப்பட்டன. காய்கறி, அரிசி, எரிபொருள் எல்லாம் அந்த வழிகளில் போகின்றன. இரண்டு பாலங்களையும் மூடி, ஃபெரியையும் கப்பலையும் நிறுத்திவிட்டால், தீவிலுள்ள கடைகள் சில நாளில் காலியாகிவிடும். உடலின் ஒவ்வொரு திசுவும் அப்படி ஒரு தீவுதான். உயிர்வளியும் குளுக்கோஸும் ரத்தக் குழாய் என்ற பாலத்தின் வழியே வந்தாக வேண்டும். எல்லாப் பாலங்களும் அறுந்தால் அந்தத் திசு கறுத்து இறந்துவிடும்.

மாட்டுவண்டிக்காரரின் மூக்கு

‘ரத்த வழியை அறுக்காமல் திசுவை நகர்த்து’ என்ற இந்த விதியை உலகுக்கு எடுத்துக்காட்டிய புகழ்பெற்ற நிகழ்ச்சி இந்தியாவில் நடந்தது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், 1792 போரில் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். பிறகு புனே அருகே, செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் அவருக்குப் புதிய மூக்கைச் செய்து கொடுத்தார்.

வைத்தியர் முதலில் மெழுகுத் தகட்டில் மூக்கின் அளவை எடுத்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலை வெட்டினார். ஆனால் இரு கண்களுக்கு நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் வெட்டாமல் விட்டார். தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். அந்தச் சிறு பட்டைதான் பாலம். மூக்கின் அடியிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துத் தோலுக்குள் நுழையும்வரை அது ரத்தம் கொடுத்தது. சுமார் 25ஆம் நாளில்தான் அந்தப் பட்டையை வெட்டினார்கள்.

1794 அக்டோபரில் இந்தச் செய்தி லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் மூக்கு அறுவை செய்தார். கன்னத்துத் தோலால் மூக்கைச் சீரமைக்கும் முறை அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சுசுருத சம்ஹிதையில் சொல்லப்பட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்ற பெயர் வந்ததால், உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. வடிவமைத்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் இன்று பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தோன்றும் முன்பே இந்தப் பெயர் வழக்கில் இருந்தது.

நகத்தை அழுத்திப் பாருங்கள்

உங்கள் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகத்தடி இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். நுண்குழாய்களில் ரத்தம் திரும்பி ஓடுவதன் அடையாளம் இது. திசுவை நகர்த்திச் செய்யும் அறுவைகளுக்குப் பிறகு மருத்துவர்களும் தாதியரும் தோலை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நிறம் திரும்பத் தாமதமானாலும், நீலம் பாய்ந்தாலும் பாலத்தில் ஏதோ அடைப்பு என்று பொருள்.

அந்தப் பாலத்தைக் குறுக்கிவிடும் பொருள்களில் முதன்மையானது நிக்கோட்டின். அது நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, உயிர்வளி உட்கார வேண்டிய ஹீமோகுளோபினில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இத்தகைய அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே புகைப்பதை நிறுத்தும்படியும், அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் தொடாதிருக்கும்படியும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நிக்கோட்டின் உள்ள வேப்புக்கும் இதே கட்டுப்பாடுதான்.

நம் சமூகத்தில் அதிகம் காணப்படும் நீரிழிவும் இங்கே முக்கியம். ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். கிருமித் தொற்று எளிதில் வரும். மருத்துவரிடம் நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் மறைக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுவே.

‘பின்பு’ படத்தில் தெரியாதவை

தழும்பு கட்டாயம் இருக்கும். தளர்ச்சி குறைவாக இருந்தால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவார்கள். கூடுதலாக இருந்தால் அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடும், இன்னும் அதிகமானால் மார்பகத்தின் அடிமடிப்பில் ஒரு கோடும் சேரும். அப்போது தழும்பு நங்கூர வடிவில் இருக்கும். அது ஓராண்டு போல மங்கிக்கொண்டே வரும், முற்றிலும் மறையாது. சிலருக்குத் தழும்பு வெட்டின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும். இதற்குக் கீலாய்டு என்று பெயர். நிறம் கூடிய தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு மேடாக வளர்ந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

உணர்வு குறையலாம், சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம். பால் நாளங்கள் பாதிக்கப்பட்டால் பின்னாளில் தாய்ப்பால் சுரப்பு குறையலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக அமையாமல் இருக்கலாம். ரத்தக்கசிவு, தொற்று, மயக்க மருந்தின் ஆபத்து ஆகியவை எல்லா அறுவைக்கும் பொது.

பலனும் நிரந்தரம் அல்ல. புவியீர்ப்பு அறுவைக்குப் பின்னும் நிற்பதில்லை. தோல் மீண்டும் மெல்ல விரியும். எடை கூடிக் குறைந்தாலோ மறுபடி கர்ப்பமானாலோ அது விரைவாகும். ஆகவே பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்களையும், எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களையும் பொறுத்திருக்கும்படி நல்ல மருத்துவர் சொல்வார்.

இது வெறும் அழகுக்கான அறுவை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. புற்றுநோயால் ஒரு மார்பகத்தில் அறுவை செய்தவர்களுக்கு, இரு பக்கமும் ஒத்திருப்பதற்காக மறுபக்கத்தில் இதைச் செய்வதுண்டு.

யார் செய்யலாம்?

2020 அக்டோபரில் கோலாலம்பூரில், அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குச் சென்ற 23 வயதுப் பெண் உயிரிழந்தார். முகத்துக்கு ஃபேஷியல் செய்யும் இடமும் அறுவை அரங்கும் ஒன்றல்ல. மயக்கத்தில் மூச்சு நின்றாலோ இதயத் துடிப்பு மாறினாலோ சமாளிக்க மயக்க மருந்து நிபுணரும் கருவிகளும் அருகிலேயே இருக்க வேண்டும்.

மலேசியாவில் மருத்துவராகப் பணிபுரிய மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும் வேண்டும். சிறப்பு மருத்துவர்களுக்கு நிபுணர் பதிவேடு தனியாக உண்டு. இவற்றை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பொது மருத்துவர் ஒருவர் சுகாதார அமைச்சின் ‘எல்.சி.பி.’ கடிதம் பெற்றிருந்தால் ஊசி, லேசர் போன்ற சில அழகியல் சிகிச்சைகளைச் செய்யலாம். அது மார்பக அறுவைக்கான அனுமதி அல்ல. உரிமமோ பதிவோ இல்லாமல் தனியார் மருத்துவ நிலையம் நடத்தும் தனிநபருக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உங்கள் வயதில்

மார்பக வளர்ச்சி பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடரும். இரு பக்கமும் சற்று வேறுபட்டிருப்பது மிக இயல்பு. வளர்ந்து முடியாத உடலை, விளக்கும் வடிகட்டியும் போட்டு எடுத்த படத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பருவ வயதில் பையன்கள் சிலருக்கும் மார்பு சற்றுப் புடைப்பதுண்டு. பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் அது தானாகவே அடங்கிவிடும். கட்டி, நீர்க்கசிவு, தீராத வலி, அளவு மிகையால் முதுகுவலி போன்றவை இருந்தால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லி அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

அறுவை பற்றி யோசிக்கும் பெரியவர்கள் கேட்க வேண்டியவை

1. அறுவையைச் செய்யப்போகிறவரின் முழுப் பெயர் என்ன? நிபுணர் பதிவேட்டில் எந்தத் துறையில் இருக்கிறார்?

2. அறுவை நடக்கும் இடத்துக்கு உரிமம் உண்டா? மயக்கம் கொடுப்பவர் யார்?

3. என் உடல்வாகுக்குத் தழும்பு எங்கே, எவ்வளவு நீளம் வரும்?

4. காம்புக்கான ரத்த ஓட்டத்தை எப்படிக் காப்பீர்கள்? அது குறைந்தால் என்ன செய்வீர்கள்?

5. நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது? மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், ‘இன்றைக்கே முன்பணம் கட்டினால் கழிவு’ என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.