காந்தியடிகளின் ஆளுமையும் பொது அறமும்: ஒரு நோக்கு

பெருந் தலைவர் ஒருவரின் பண்புகளைச் சமய நூல்கள் கூறும் நற்குணங்களோடு ஒப்பிட்டுப் போற்றும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. நூலிலிருந்து ஒரு பட்டியலும் வாழ்க்கையிலிருந்து சில நிகழ்ச்சிகளும் எடுக்கப்பட்டு, இரண்டும் பொருந்துவதாகக் காட்டப்படும். இம்முறை பக்திக்குப் போதுமானது, ஆய்வுக்குப் போதாது. ஏனெனில் இந்து சமய நூல்கள் ஒரே குரலில் அறம் உரைப்பனவல்ல. எனவே, அந்நூல்களிலிருந்து ஒரு தலைவர் எதனை ஏற்றார், எதனை விலக்கினார், ஏற்றதை எவ்வாறு மாற்றினார் என்ற வினாக்களே முதன்மை பெறுகின்றன. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியின் வாழ்க்கையை முன்வைத்து இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வ சம்பத்து எனப்படும் நற்பண்புகளைத் தொகுத்துக் கூறுகின்றது. அஞ்சாமையில் தொடங்கி அகிம்சை, வாய்மை, சினமின்மை, துறவு, உயிர்களிடத்து இரக்கம், பொறுமை என அப்பட்டியல் விரிகின்றது. இரண்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதி இன்ப துன்பங்களில் நிலை குலையாத அறிஞனின் இலக்கணத்தை விளக்குகின்றது. பதஞ்சலியின் யோக சூத்திரம் அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் பற்றாமை ஆகிய ஐந்தையும் யமங்கள் என வகுக்கின்றது.

ஆயின், இப்பண்புகள் யாருக்கு உரியன? இங்கேதான் மரபின் உள்முரண் வெளிப்படுகின்றது. அறநூல்கள் எல்லா மாந்தர்க்கும் உரிய பொது அறத்தையும், வருணத்திற்கேற்ப வேறுபடும் சிறப்பு அறத்தையும் அருகருகே வைத்துள்ளன. மனு நூலின் பத்தாம் அத்தியாயம் அகிம்சை, வாய்மை முதலிய ஐந்தையும் நான்கு வருணத்தார்க்கும் பொதுவெனக் கூறுகின்றது. அதே நூல், ஒரே குற்றத்திற்கு வருணம் நோக்கி வெவ்வேறு தண்டனைகளை விதிக்கின்றது. கீதையும் இம்முரணுக்கு விலக்கன்று. பொது அறமும் வருண அறமும் மோதிய இடங்களில் நடைமுறையில் வருண அறமே பெரிதும் வென்றது. அகிம்சையும் பொருள் பற்றாமையும் பெரும்பாலும் துறவியரின் தனி ஒழுக்கமாக ஒதுக்கப்பட்டன.

இந்தப் பின்னணியிலேயே காந்தியடிகளின் இடத்தை மதிப்பிடுதல் வேண்டும். துறவியர்க்கு உரியவையாகக் கருதப்பட்ட பண்புகளை அவர் அரசியல் களத்திற்குக் கொண்டுவந்து, எல்லோர்க்கும் உரிய கடமைகளாக்கினார். கீதையை அவர் முதன்முதலாகப் பயின்றது இலண்டனில் சட்ட மாணவராக இருந்தபோது, எட்வின் ஆர்னல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக என்பது குறிப்பிடத்தக்கது. தென்னாபிரிக்காவில் அந்நூலை ஆழ்ந்து பயின்றபோது பொருள் பற்றாமை, சமநோக்கு என்னும் இரு கருத்துகளும் தம்மை ஆட்கொண்டதாகத் தமது சுயசரிதையில் அவர் குறிப்பிடுகின்றார். அவர் குஜராத்தியிற் செய்த கீதை மொழிபெயர்ப்பு, 1930 மார்ச் 12 ஆம் திகதி, தண்டி யாத்திரை தொடங்கிய நாளிலேயே வெளிவந்தது. நூலுக்கும் செயலுக்கும் இடையே அவர் கண்ட தொடர்புக்கு இது பொருத்தமானதோர் அடையாளமாகும்.

அஞ்சாமையும் பொறுமையும் அவரிடத்து ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1897 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய அவரை வெள்ளையர் கூட்டமொன்று கொடூரமாகத் தாக்கியது. தாக்கியோர் மீது வழக்குத் தொடருமாறு பிரித்தானியக் குடியேற்ற நாட்டமைச்சர் நேட்டால் அரசைப் பணித்தபோதும், அதற்கு அவர் இணங்கவில்லை. கூட்டத்தைத் தூண்டிய தலைவர்களே பொறுப்பாளிகள் என்பது அவரது கருத்து. தனிமனிதர்மீது சினத்தை விலக்கி, தீமையின் மூலத்தின்மீது கவனத்தைச் செலுத்தும் அரசியல் நோக்கு இதில் உண்டு. 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் காவலர் பலர் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் பரவியிருந்த ஒத்துழையாமை இயக்கத்தை அவர் நிறுத்தினார். தோழர் பலர் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். அடுத்த மாதம் அகமதாபாத் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டம் விதிக்கும் மிகக் கூடிய தண்டனையை அவரே வேண்டி நின்றார். பயன் கருதாது கடமையாற்றுதல் என்னும் கோட்பாடு இங்கு ஓர் அரசியல் முடிவாக உருப்பெறுவதைக் காணலாம்.

எனினும், அவரது ஆளுமையின் உரைகல் பழைய பட்டியலில் இல்லாத ஒரு பண்பிலேயே உள்ளது. 1915 இல் அகமதாபாத்திற்கு அண்மையில் அவர் நிறுவிய ஆசிரமத்தின் விரதங்களில் யோக நூலின் ஐந்து யமங்களும் இடம்பெற்றன. அவற்றோடு தீண்டாமை ஒழிப்பும் சேர்க்கப்பட்டது. சில மாதங்களுக்குள் தூதாபாய் என்னும் ஆசிரியரின் குடும்பம் ஆசிரமத்திற் சேர விரும்பியது. அவர்கள் தீண்டத்தகாதோர் எனக் கருதப்பட்ட சாதியினர். கிணற்றில் நீர் இறைப்பதற்குத் தடை எழுந்தது, நன்கொடைகள் நின்றன, கஸ்தூரிபாய்க்கும் மனமொப்பவில்லை. காந்தியடிகள் இசையவில்லை. பணம் தீர்ந்தால் தீண்டத்தகாதோர் வாழும் பகுதிக்கே ஆசிரமத்தை மாற்றத் துணிந்தார். பின்னர்ச் செல்வர் ஒருவர் 13,000 ரூபா அளித்தமையால் ஆசிரமம் நிலைத்தது. பொது அறம் வருண அறத்தை நேருக்கு நேர் எதிர்த்து நின்ற தருணம் இது. அறிவுக்கும் ஒழுக்கத்திற்கும் முரணானது எந்நூலில் இருப்பினும் ஏற்பதற்கில்லை என்ற அவரது நிலைப்பாட்டின் செயல்வடிவமும் இதுவே.

அவரது குறைகளை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. தீண்டாமையை எதிர்த்த அவர், வருணாசிரமத்தை ஓர் இலட்சிய அமைப்பாக நீண்டகாலம் ஆதரித்தார். நூலின் அதிகாரத்தைத் தகர்க்காமற் சாதியை ஒழிக்க இயலாது என அம்பேத்கர் 1936 இல் வெளியிட்ட சாதி ஒழிப்புப் பற்றிய நூலில் வாதிட்டார். 1934 ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியடிகள் கூறியபோது, அது அறிவுக்கு ஒவ்வாதது எனத் தாகூர் மறுத்தார். இவ்விமர்சனங்கள் வலுவானவை. அதே வேளை, அவரது கருத்துகள் உறைந்து நிற்கவில்லை. தம் இறுதி ஆண்டுகளில், மணமக்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவராக இருக்கும் கலப்புத் திருமணங்களை மட்டுமே ஆசீர்வதிப்பதென அவர் முடிவு செய்தார். தவறெனக் கண்டதை வெளிப்படையாகக் கைவிடுதலும் வாய்மையின் ஒரு கூறேயாம்.

இவ்விடயம் நமக்கு அயலானதன்று. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்திலும் உரையாற்றித் தீண்டாமையைக் கண்டித்தார். அவரை வரவேற்பதில் முன்னின்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் அவரது சிந்தனைகளால் ஊக்கம் பெற்றது. ஆயினும், சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் 1968 இல் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அன்பே சிவமெனப் போற்றும் சைவ மரபிலும் பொது அறம் கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரே நூல் இருவேறு மாந்தரை உருவாக்கக் கூடும். வங்கப் பிரிவினைக் கலவரங்களின் நடுவே, எழுபத்தேழு வயதில் நவகாளிக் கிராமங்களில் வெறுங்காலுடன் நடந்த காந்தியடிகளும் கீதையை ஓதினார். 1948 ஜனவரி 30 இல் அவரைச் சுட்டுக் கொன்ற நாதுராம் கோட்சேயும் தூக்குமேடைக்குக் கீதையைக் கையிலேந்திச் சென்றான். எனவே நற்பண்புகள் நூலிலிருந்து தாமாகவே மனிதனுக்குள் இறங்கிவிடுவதில்லை. எந்த வரியை எந்த மனிதனின் சார்பில் வாசிக்கின்றோம் என்பதே அவற்றைத் தீர்மானிக்கின்றது. காந்தியடிகள், கிணற்றருகே தடுக்கப்பட்ட தூதாபாயின் சார்பில் நின்று தமது நூலை வாசித்தார். சமய நூல்களின் நற்பண்புகளைப் பேசுகின்ற எவரும் தம்மை உரசிப் பார்க்கவேண்டிய கல் அதுவேயாகும்.