பெண்கள் மிகுந்த புதுக்கோட்டை

1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பகுதிகளையும் தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டாரத்தையும் உள்ளடக்கி 1974 ஜனவரியில் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 16,18,345 பேர் வாழ்ந்தனர். அவர்களில் நகர்ப்புறத்தினர் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தமிழகத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் நகரவாசிகளாகிவிட்ட காலத்திலும் இது கிராமங்களின் மாவட்டமாகவே நீடித்தது.

பாலின விகிதம், அதாவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்னும் கணக்கு, மாநில அளவில் 996 ஆக இருக்க, இங்கு 1015 ஆக இருந்தது. இதைப் பெண்களின் நல்வாழ்வுக்கான சான்றாக மட்டும் கொள்வது தவறாகும். கல்லணைக் கால்வாய் பாயும் பகுதிகள் நீங்கலாகக் கண்மாய்களையும் மழையையும் நம்பியிருக்கும் இம்மண்ணிலிருந்து ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் செல்வதால், மாவட்டக் கணக்கெடுப்பில் அவர்களில் பலர் இடம்பெறுவதில்லை. ஊரில் தங்கியவர்கள் வயலையும் வீட்டையும் முதியோரையும் தாங்கும் பெண்களே. 1991இல் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பல்லாயிரக்கணக்கில் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள் என்பது பெருமையுடன் குறிப்பிடத் தக்கது.

இம்மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மீனவரும் முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கின்றனர்.

புதுக்கோட்டைக் கிராமங்களில் பிறப்பு விகிதம் குறைந்து, இளைஞர் வெளியேற்றம் தொடர்வதால், முதியோர் பராமரிப்புக்கான திட்டமிடல் இப்போதே தொடங்கப்பட வேண்டும்.